உடுப்புக்குச் சொந்தச் சூடு இல்லை

ஜனவரியில் பாரிஸில் பொழுது விடிய ஏறக்குறைய எட்டே முக்கால் ஆகும். பள்ளிக்கூடக் கதவோ எட்டு இருபதுக்கே திறந்துவிடுகிறது. அதனால் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் பிள்ளைகளை மத்தர்னெல் என்னும் பாலர் பள்ளிக்குக் கூட்டிப்போகிற தாய்மார் தெருவிளக்கு வெளிச்சத்தில்தான் போகிறார்கள். ரூ காயில் மரக்கறிக் கடைக்காரர்கள் முருங்கைக்காய்ப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருப்பார்கள். பூலவாரில் இரும்புத் தூண்களின் மேல் இரண்டாம் நம்பர் மெத்ரோ இரைந்துகொண்டு போகும். வெப்பமானி 3 டிகிரி காட்டும். அதே நேரத்தில் யாழ்ப்பாணத்தில் மதிய வெயில்.

அப்படிப் போகிற குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தாய் புசெத்தை, அதாவது பிள்ளை வண்டியை, தள்ளுகிறாள். அதற்குள் பத்து மாதப் பிள்ளை. பக்கத்தில் நாலு வயது மூத்தவன், நடைபாதை ஓரக்கல்லில் ஏறுவதும் குதிப்பதுமாக. மூவரும் நிற்பது ஒரே காற்றில்தான். ஆனால் நடந்து, தள்ளி, பையையும் தூக்குகிற தாய்க்கு உடம்பு கொதிக்கத் தொடங்கிவிட்டது. மூத்தவனுக்கு முதுகு வேர்க்கிறது. சின்னவன் கட்டிப்போட்டதுபோல் அசையாமல் இருக்கிறான். அவனுக்கு மட்டும்தான் அது உண்மையிலேயே 3 டிகிரி. தனக்குக் குளிர்வதை வைத்துப் பிள்ளையை உடுத்துகிற தாய், இரண்டு பிள்ளைகளிடமும் தவறுகிறாள். ஒருவனுக்குக் கூடிவிடுகிறது, மற்றவனுக்குக் குறைந்துவிடுகிறது.

கைபேசியைப் பார்த்தால் வெளிக்காற்றின் குளிர் தெரியும். பிள்ளையின் உடம்பு இப்போது எவ்வளவு சூட்டை உண்டாக்குகிறது என்று அது சொல்லாது. உடுப்பைத் தீர்மானிக்க வேண்டியது இந்த இரண்டாவது கணக்குதான். விந்தை என்னவென்றால், இந்தக் கணக்கைப் போடக் கற்றுக்கொண்டதும் இதே பாரிஸில்தான்.

1782-83 குளிர்காலத்தில் லவாசியேயும் (நம் பாடப்புத்தகங்களின் லவாய்சியர்) கணித மேதை லாப்ளாஸும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்தார்கள். பத்து மணி நேரத்தில் அந்தச் சின்னப் பிராணியின் சூட்டில் 13 அவுன்ஸ், அதாவது இன்றைய அளவில் சுமார் 400 கிராம் பனிக்கட்டி உருகியது. அது வெளிவிட்ட கரியமில வாயுவையும் தனியாக அளந்தார்கள். அதே அளவு வாயு வருமாறு கரியை எரித்தால் எவ்வளவு சூடு கிடைக்கும் என்று ஒப்பிட்டபோது, இரண்டும் நெருங்கி வந்தன. உடம்புக்குள் மெதுவாக ஓர் எரிதல் நடக்கிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது இப்படித்தான்.

சில ஆண்டுகள் கழித்து லவாசியேயின் உதவியாளர் செகேன் தம்மையே சோதனைக்கு ஒப்புக்கொடுத்தார். முகத்தில் குழாய் பொருத்தி, அவர் இழுக்கும் பிராணவாயுவை அளந்தார்கள். குளிர்ந்த அறையில் சும்மா உட்கார்ந்திருந்தாலே பத்தில் ஒரு பங்கு கூடியது. சாப்பிட்டால் இன்னும் கூடியது. காலால் பாரத்தை மிதித்துத் தூக்கினால் இரண்டு மடங்கையும் தாண்டியது. நம் மூத்தவன் ஓரக்கல்லில் குதிப்பதற்கும் சின்னவன் சாய்ந்து கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்கே அளந்தாகிவிட்டது. அந்தச் சோதனைக்கூடக் காட்சிகளை லவாசியேயின் மனைவி மரி-ஆன் படமாக வரைந்திருக்கிறார். ஓரமாக மேசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் பெண்ணும் அவரேதான்.

1794 மே 8 அன்று புரட்சி லவாசியேயின் தலையை வாங்கியது. மரி-ஆன் பிற்பாடு மணந்துகொண்ட மனிதர் ரம்ஃபர்ட் பிரபு. இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய இரண்டாம் பாதி அவரிடம் இருந்தது. அமெரிக்காவில் பிறந்து, பவேரிய ஆட்சியாளரிடம் படைச் சீர்திருத்தம் செய்தவர்; படைவீரனுக்கு எந்தத் துணி கதகதப்பாக இருக்கும் என்பது அவருக்கு வேலை சம்பந்தமான கேள்வி. ஒரு வெப்பமானியைக் கண்ணாடிக் குமிழுக்குள் வைத்து, இடைவெளியில் வெவ்வேறு நார்களை நிரப்பிச் சூடாக்கி, பிறகு பனிக்கட்டியில் இறக்கி, சூடு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணினார். வெறும் காற்று மட்டும் இருந்தபோது 576 நொடி. ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதலான பஞ்சு வைத்தபோது 1046. அதே எடை ஆட்டு ரோமத்துக்கு 1118, கச்சாப் பட்டுக்கு 1284, முயல் ரோமத்துக்கு 1315. 1792இல் வெளியிட்டார், லண்டன் ராயல் சொசைட்டியின் கோப்ளி பதக்கமும் கிடைத்தது.

நார் அடைத்துக்கொண்ட இடம் மிகச் சொற்பம். மிச்சமெல்லாம் முன்பிருந்த அதே காற்றுதான். நார் செய்த வேலை, அந்தக் காற்றை அசையவிடாமல் பிடித்து நிறுத்தியது. அசையாத காற்றுதான் போர்வை.

(அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. தமக்குப் பிடிக்காத விருந்தினரை மனைவி அழைத்தார் என்று ரம்ஃபர்ட் வாசற்கதவைப் பூட்டினாராம். அம்மையார் அவருடைய பூஞ்செடிகளில் கொதிநீரை ஊற்றினாராம். ரம்ஃபர்டே மகளுக்கு எழுதிய கடிதத்தில் உள்ள செய்தி. சூட்டைப் பற்றி இருவருக்கும் நல்ல பயிற்சி இருந்தது.)

ஆக, உடுப்பு சூடு தருவதில்லை. பிள்ளை உண்டாக்குகிற சூட்டை, அசையாத காற்றைக் கொண்டு கொஞ்சம் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. இதை மனதில் வைத்துக்கொண்டால், குளிர்காலத் தவறுகளில் பாதி தானாகப் புரிந்துவிடும். கால் குளிர்கிறது என்று இறுகலான சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறையைத் திணிக்கிறோம். நார் நசுங்கிக் காற்று வெளியேறிவிடுகிறது, இரத்த ஓட்டமும் குறைகிறது, கால் முன்னைவிட விறைக்கிறது. விரல் அசைக்க இடமுள்ள சப்பாத்தும் ஒரு சோடி தடித்த காலுறையும் அதைவிட மேல். கார் இருக்கைக்கும் இதே கதைதான். புறநகர்களான லா கூர்னவிலிருந்தும் சார்செலிலிருந்தும் சாமான் வாங்கக் காரில் வருகிறவர்கள், தூதூன் என்கிற உப்பலான குளிரங்கியையும் போட்டு அதன் மேல் பிள்ளைக்குப் பட்டியைக் கட்டுகிறார்கள். பட்டி இறுகியதுபோல் தெரியும். மோதல் ஏற்பட்டால் உள்ளிருக்கும் காற்று நொடியில் நசுங்கி, பட்டிக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி விழும். தூதூனைக் கழற்றிப் பட்டியைக் கட்டிவிட்டு, அதையே மேலால் போர்த்திவிட வேண்டும்.

ஒரு தடித்த உடுப்பைவிட மூன்று மெல்லிய உடுப்பு மேல் என்று சொல்லப்படுவதன் காரணமும் இதுதான். தோலை ஒட்டி ஒன்று, காற்றைப் பிடிக்க நடுவே கம்பளியோ ஃபிளீஸோ ஒன்று, காற்றையும் மழையையும் தடுக்க வெளியே ஒன்று. உடுப்புக்கும் உடுப்புக்கும் இடையில் நிற்கிற காற்று இலவசம். அதைவிட முக்கியம், ஒன்றைக் கழற்ற முடியும். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு இதெல்லாம் எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த மெத்ரோ நிறுத்தமான பார்பெஸில் தத்தி கடையின் ரோசாக் கட்டம் போட்ட பைகளில் குவியலிலிருந்து பொறுக்கிய மலிவு மந்தோக்கள் (குளிர் மேலங்கிகள்), இரண்டு அளவு பெரியதாக, மூன்று வருடம் போடுவதற்கென்று வாங்கப்பட்டன. கையும் கழுத்தும் தொளதொளத்தால் பிடித்து வைத்த சூட்டுக்காற்று ஒவ்வோர் அசைவிலும் வெளியே போகும். 1948இல் தொடங்கிய அந்தக் கடையும் 2021இல் மூடிவிட்டது.

ரம்ஃபர்டின் பட்டியலில் ஒரு புதிர் இருக்கிறது. பஞ்சு கம்பளிக்கு அதிகம் பின்தங்கவில்லை. அப்படியானால் குளிருக்குப் பருத்தி ஆகாது என்று ஏன் சொல்கிறார்கள்? அவர் அளந்தது உலர்ந்த பஞ்சை. பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நார்களுக்கு இடையே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துவிடும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். கம்பளியும் ஈரம் வாங்கும், தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரைக்கும். ஆனால் அதை நாருக்குள்ளேயே ஒளித்துக்கொள்வதால் தொட்டால் ஈரம் தெரியாது, சுருள் நார் ஒட்டிக்கொள்வதும் இல்லை.

மூத்தவன் முதுகில் வேர்த்தானே, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு தேக்கரண்டி வேர்வை, 20 கிராம், அவனுடைய பருத்தி உள்சட்டையில் ஊறியிருக்கிறது என்று வையுங்கள். ஒரு கிராம் வேர்வை உலர 2,400 ஜூல் வேண்டும். மொத்தம் 48,000 ஜூல். அந்த வயதுப் பிள்ளை சும்மா இருக்கும்போது உண்டாக்குவது 40 வாட் அளவு. ஆக, அந்த உள்சட்டை அவன் உடம்பில் கிடந்து உலர்வதற்கு மட்டும் இருபது நிமிடச் சூடு முழுவதும் செலவு. ஓடும்போது அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஓடி முடித்து, பேருந்துக்கு நிற்கும்போதுதான் நடுங்குவான். அப்போது தாய் இன்னொரு உடுப்பை மேலே போடுவாள். போட வேண்டியது உள்ளே, உலர்ந்த ஒன்று. பையில் ஒரு மாற்று உள்சட்டை இருப்பது இரண்டாவது மந்தோவைவிட உபயோகம்.

பாரிஸின் குளிர் இந்த விஷயத்தில் கள்ளத்தனமானது. ஜனவரிச் சராசரி 5 டிகிரியை ஒட்டியே நிற்கும். பனி கொட்டுவது அபூர்வம். ஆனால் தூறலும் ஈரமும் நாள்கணக்கில் விடாது. உலர்ந்த மைனஸ் பத்தில் பிள்ளையின் உடுப்பு உலர்ந்தே இருக்கும். 4 டிகிரித் தூறலில் சேற்றில் குதித்தவன் நனைந்து நிற்பான்.

இனிச் சின்னவனிடம் வருவோம். பெரிய கேத்தலில் தேத்தண்ணி அரை மணி நேரம் சுடும். அதையே சின்னக் கோப்பையில் ஊற்றினால் பேசி முடிப்பதற்குள் ஆறிவிடும். உள்ளே இருப்பது குறைவு, வெளியே தெரியும் பரப்பு அதற்கு ஒப்பிட்டால் அதிகம். வளர்ந்தவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு தோல் என்று கணக்கிட்டால், மூன்று வயதுப் பிள்ளைக்கு அதில் ஒன்றரை மடங்குக்கு மேல். பிறந்த குழந்தைக்கு இரண்டு மடங்குக்கு மேல். பச்சைக் குழந்தைக்குச் சரியாக நடுங்கவும் தெரியாது. அதற்குப் பதிலாகத் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் பிடரியிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்றை வைத்துக்கொண்டு பிறக்கிறது. தசையை அசைக்காமலே அதை எரித்துச் சூடாக்கிக்கொள்ளும். செலவாவது பாலில் கிடைத்த சக்திதான். குளிரில் விடப்படும் குழந்தையின் எடை ஏறாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சூடு எவ்வளவு பெறுமதி என்பதையும் பாரிஸ்தான் உலகுக்குக் காட்டியது. மகப்பேற்று மருத்துவர் ஸ்தெஃபான் தார்னியே, உயிரியல் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்க வைத்திருந்த சூட்டுப் பெட்டியைப் பார்த்துவிட்டு, அதேபோல் ஒன்றைக் குழந்தைகளுக்குச் செய்யச் சொன்னார். 1880களின் தொடக்கத்தில் போர்-ருவாயால் மகப்பேற்று மனையில் அது வந்தது. அடியில் சுடுநீர், மேலே குழந்தை, வேறு சூட்சுமம் எதுவும் இல்லை. 2 கிலோவுக்குக் குறைந்து பிறந்தவர்களில் இறப்பு 66 சதவீதத்திலிருந்து 38க்கு இறங்கியது. 1896இல் பூலவார் புவாசோனியேரில், லாச்சப்பலிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், இப்பெட்டிகளில் கிடந்த குழந்தைகளை 50 சந்தீம் கட்டணம் கொடுத்து மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் காசில்தான் குழந்தைகளின் பராமரிப்பு நடந்தது.

சூடு வேண்டும் என்று தெரிந்த ஊரிலேயே, கூரை இல்லாதவர்கள் செத்தும் இருக்கிறார்கள். 1954 ஜனவரி முதல் வாரத்தில் பாரிஸின் கிழக்குப் புறநகரில் பழைய பேருந்து ஒன்றில் குடியிருந்த குடும்பத்தின் கைக்குழந்தை குளிரில் இறந்தது. பிப்ரவரி 1 அன்று பாதிரியார் அபே பியேர் வீடற்றவர்களுக்காக வானொலியில் விடுத்த வேண்டுகோளுக்கு முன்னால் நடந்தது அது. எத்தனை உடுப்பு அடுக்கினாலும் வீட்டுக்கு ஈடாகாது. அதே லாச்சப்பல் மெத்ரோ தூண்களுக்கு அடியில் 2015இல் கூடாரங்கள் இருந்தன.

இப்போது அம்மம்மாவின் வழக்கு. விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அம்மம்மாவுக்கு ஒரே கவலை, தலை.

"பனி இறங்குது பிள்ளை, அவன்ரை தலையை மூடு."

"அம்மா, கடைக்குள்ளை நிக்கிறம். இஞ்சை என்ன பனி?"

மார்கழிப் பனி உச்சியில் இறங்கிச் சளியாகிறது என்பது அம்மம்மாவின் விளக்கம். அது சரியல்ல. ஆனால் தலையை மூடச் சொல்வது சரி, அதுவும் இந்த வயதுக்கு மிகச் சரி. பிறந்த குழந்தையின் தோலில் ஐந்தில் ஒரு பங்கு தலையில் இருக்கிறது. வளர்ந்தவருக்குப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உடம்பின் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று ஊரெல்லாம் சொல்வார்களே, அது வேறு கதை. 1950களில் அமெரிக்க இராணுவம் ஆட்களுக்குக் கழுத்துவரை துருவக் குளிர் உடுப்பு மாட்டித் தலையை மட்டும் திறந்துவிட்டு அளந்தது. சூடு போக வேறு வழி ஏது? வளர்ந்தவரின் தலைக்கு எந்த மாயமும் இல்லை. குழந்தையின் தலை பெரியது, முடி குறைவு, ஆகவே தொப்பி. காதையும் மூடுகிற பொனே நல்லது. முகத்தையும் சேர்த்து மூட வேண்டியதில்லை.

அம்மம்மா பிழைவிடுவது கடைக்குள் நின்று மூடச் சொன்ன இடத்தில். அதற்குப் பிறகு வருவோம். முதலில் காற்று.

லாச்சப்பல் மெத்ரோ நிலையம் 1903லிருந்து வானத்தில் நிற்கிறது. கார் து நோர் ரயில் நிலையத் தண்டவாளங்களின் பள்ளம் பக்கத்திலேயே. அந்தத் திறந்த வெளியால் வருகிற காற்றுக்குத் தடையே கிடையாது. உடம்பை ஒட்டி நிற்கும் மெல்லிய சூட்டுக்காற்றுப் படலத்தைக் காற்று கிழித்துக்கொண்டே இருக்கும். அண்டார்டிக்காவில் சைப்பிள், பாசெல் என்ற இருவர் ஒரு குப்பித் தண்ணீர் எத்தனை நேரத்தில் உறைகிறது என்று அளந்து, 1945இல் வெளியிட்டதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று தொலைக்காட்சி சொல்லும் 'உணரும் வெப்பநிலை'. 2001இல் திருத்தப்பட்ட வாய்பாட்டின்படி, 2 டிகிரியில் 20 கிலோமீட்டர் வேகக் காற்று மைனஸ் 3 ஆக உறைக்கும். ஆனால் அந்த வாய்பாடு யாருக்கு? நடந்துபோகிற வளர்ந்த மனிதரின் முகத்துக்கு. அசையாமல் உட்கார்ந்திருக்கும் பத்து மாதப் பிள்ளையை அது கணக்கில் எடுக்கவே இல்லை.

புசெத்துக்குக் கீழாலும் குளிர் ஏறும். இருக்கைத் துணி மெல்லியது, பிள்ளையின் எடை அதிலுள்ள காற்றை நசுக்கிவிடும். பிரெஞ்சுத் தாய்மார் போடுகிற ஷான்ஸ்லியேர், அதாவது இடுப்புவரை இழுத்துப் பூட்டுகிற அந்தத் தடித்த பை, கீழேயும் பஞ்சு வைத்துத் தைக்கப்பட்டிருப்பதால்தான் பிரயோசனம். மேலே மட்டும் மூன்று போர்வை போட்டால் பாதி வேலைதான். மாறாக, பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு மந்தோவைப் பூட்டுகிற தாய்க்கு இதில் எதுவும் தேவையில்லை. அவளுடைய சூடு பிள்ளைக்குப் போகிறது. தொப்பியும், தொங்குகிற காலுக்குக் காலுறையும் போதும்.

தைப்பொங்கல் விழுவது ஜனவரி 14, 15இல், பாரிஸ் குளிரின் நட்டநடுவில். ரூ பஜோலில் மாணிக்க விநாயகர் ஆலய வாசலில் அன்றைக்குப் பட்டுப்பாவாடைச் சிறுமிகள் நிற்பார்கள். பச்சைப் பாவாடை, அரக்குக் கரை, அதற்கு மேலே பிரியமில்லாமல் மாட்டிய நீல மந்தோ. படம் எடுக்கும்போது மந்தோவைக் கழற்றச் சொல்வார்கள். பட்டு சூடானது என்று நம்மவர்களுக்கு ஓர் எண்ணம். ரம்ஃபர்ட் பட்டியலும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அவர் அளந்தது உதிரியாய் உப்பிக் கிடந்த கச்சாப் பட்டை. காஞ்சிபுரத்து நெசவு இறுக்கமானது, அதற்குள் காற்று தங்காது. இன்னும் ஒன்று: பாவாடை கீழே திறந்தது. சிறுமி ஓர் அடி வைக்கும்போதெல்லாம் பாவாடை விரிந்து சுருங்கி, கால்களைச் சுற்றிச் சூடான காற்றை வெளியே தள்ளிக் குளிர்ந்ததை உள்ளே இழுக்கும். துருத்தியைப் போட்டு ஊதுவதுபோலத்தான். இதற்கு மேலே மந்தோ போட்டுப் பயனில்லை. பாவாடைக்குள்ளே கம்பளி கலந்த கொல்லான் (காலோடு ஒட்டும் நீள உறை), சட்டைக்குள்ளே கழுத்து இறங்கிய நீளக்கை உள்ளுடுப்பு. படத்தில் எதுவும் தெரியாது. ஐந்து நிமிடம் மந்தோ இல்லாமல் நின்றாலும் பிள்ளை சிரித்தபடி நிற்கும்.

இப்போது அந்தக் கடை. வெளியே 3 டிகிரி, உள்ளே 20க்கு மேல், மெத்ரோ பெட்டிக்குள் நெரிசலில் இன்னும் கூட. தாய் தன்னுடைய மந்தோவைத் திறந்துவிடுகிறாள். பிள்ளை தூங்குகிறான், எழும்பிவிடுவான் என்று ஷான்ஸ்லியேரும் பொனேயும் அப்படியே. மழைக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையும் அப்படியே. கால் மணி நேரத்தில் அவன் உள்ளே வேர்த்து நனைந்திருப்பான், திரும்பவும் தெருவுக்குப் போகும்போது நாம் முன்பு போட்ட வேர்வைக் கணக்கு அவனுக்கும் பொருந்தும். குளிருக்கு அடுக்குவது எல்லோருக்கும் தெரியும்; வாசலைத் தாண்டியதும் கழற்றுவதுதான் வருவதில்லை. எழும்பினால் எழும்பட்டும், தொப்பியையும் உறையையும் முதலில் எடுக்க வேண்டும்.

தூங்கும் அறையில் இது இன்னும் பாரதூரமான விஷயம். கைக்குழந்தைகள் தூக்கத்தில் திடீரென இறந்துபோவதற்கு, குப்புறப் படுக்கவைப்பதோடு அதிகச் சூடும் ஓர் ஆபத்துக் காரணி. 1990களில் பிரான்சில் நிமிர்த்திப் படுக்கவைக்கும் பிரச்சாரம் வந்த பிறகு இந்த இறப்புகள் பெருமளவு குறைந்தன. அறைக்கு 18 முதல் 20 டிகிரி போதும். கம்பளிப் போர்வைக்குப் பதிலாகத் துர்புலெத் என்கிற தூக்கப் பை, தலையில் ஒன்றும் வேண்டாம். இரவு 19 டிகிரி அறையில் பொனேயோடும் மூன்று போர்வையோடும் பேரனைப் படுக்கவைக்கும் அம்மம்மாவிடம், வெளியில் அவர் சொன்னதைக் கேட்கலாம், உள்ளே கேட்க வேண்டாம் என்று அன்பாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

பிள்ளைக்குக் குளிர்கிறதா என்று பார்க்க எல்லோரும் கையைத் தொடுகிறார்கள். கை, மூக்கு, பாதம் மூன்றும் நம்ப முடியாத சாட்சிகள். உள்ளுறுப்புகளைக் காக்க உடம்பு முதலில் இரத்தத்தைக் குறைப்பது அங்கேதான். நன்றாக இருக்கும் பிள்ளைக்கும் கை சில்லிட்டிருக்கும். சட்டைக் கழுத்துக்குள் விரல்விட்டுப் பிடரியைத் தொட வேண்டும். இளஞ்சூடாகவும் உலர்ந்தும் இருந்தால் சரி. ஈரமாக இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். குளிர்ந்திருந்தால் உள்ளே கூட்டிப்போங்கள். இங்கே வழங்கும் கையேடுகள் கன்னம் சிவப்பதையும் தோல் வெளிறுவதையும் பார்க்கச் சொல்கின்றன. நம் பிள்ளைகளின் நிறத்தில் அது இலேசில் தெரியாது. உதட்டையும் நகக்கண்ணையும் பார்ப்பது நல்லது. அதைவிட முக்கியமான அடையாளம் நடத்தை. குளிரில் அழுகிற குழந்தையைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். அழுதுகொண்டிருந்தது அழாமல், பால் குடிக்காமல், சோர்ந்து கிடந்தால் அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரம்.

மத்தர்னெலின் உடுப்பு மாட்டும் நடையில் ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒரு பெயரும் படமும் இருக்கும். இடைவேளை மணி அடித்ததும் இருபத்தைந்து பிள்ளைகளும் மந்தோ போட்டாக வேண்டும், ஆசிரியைக்கு இரண்டு கைதான். அதற்கு அவர்கள் ஒரு தந்திரம் பழக்கியிருக்கிறார்கள். மந்தோவை உட்புறம் மேலே தெரியத் தரையில் விரிக்க வேண்டும், தொப்பிப் பக்கம் பிள்ளையின் காலடியில். குனிந்து இரண்டு கையையும் ஒரே நேரத்தில் கைகளுக்குள் நுழைத்து, தலைக்கு மேலால் ஒரே வீச்சு. மந்தோ முதுகில் வந்து விழும். மூன்று வயதில் செய்துவிடுகிறார்கள். வீட்டில் இதை ஒரு வாரம் பழக்காமல், தானே மாட்டிவிடுகிற அம்மாவின் பிள்ளைதான் முற்றத்தில் மந்தோ திறந்தபடி நிற்கும்.

சால்வை வேண்டாம் என்று பள்ளிகள் சொல்வது பிடிவாதத்தால் அல்ல. சறுக்கலில் சிக்கிக் கழுத்தை இறுக்கியிருக்கிறது. தலைவழியே மாட்டும் கழுத்துப்பட்டை போதும். ஐரோப்பியத் தரவிதியின்படி ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடுப்பில் தொப்பியிலும் கழுத்திலும் இழுகயிறு இருக்கக் கூடாது. ஊரிலிருந்து அனுப்பிய சுவெட்டரில் அப்படி இருந்தால் உருவிவிடுங்கள். கையுறையில் ஐந்து விரலும் தனித்தனியாக இருப்பதைவிட, நான்கு விரல் ஒன்றாக இருக்கும் மூஃபிள் சூடானது: விரல்கள் ஒரே காற்றைப் பங்கிட்டுக்கொள்ளும், குளிருக்குத் தெரியும் பரப்பும் குறைவு. மூன்று வயதுக் கையில் ஐந்து விரல் கையுறை மாட்டிப் பார்த்தவர்களுக்கு வேறு காரணம் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு செய்தும் சளி வரும். அது வைரஸால் வருவது. தொப்பி மறந்ததால் அல்ல. மூக்கின் உட்புறம் 33 டிகிரி அளவுக்குக் குளிரும்போது சளி வைரஸ் இன்னும் நன்றாகப் பெருகுகிறது என்பது உண்மை, ஆனால் அதைப் பிள்ளை வாங்குவது பெரும்பாலும் மூடிய அறையில் இன்னொரு பிள்ளையிடமிருந்து. குளிர் என்று நாள்முழுதும் உள்ளே பூட்டிவைப்பது அதற்கு மருந்தாகாது. பச்சைக் குழந்தைகளின் மூச்சுக்குழல் அழற்சிக்கு எதிராக 2023 செப்டம்பரிலிருந்து பிரான்சில் ஓர் ஊசி கொடுக்கப்படுகிறது. பிரசவ மனையிலேயே கேட்கலாம்.

உடுப்பால் தீராத ஒரு குறையும் உண்டு. பாரிஸ் இருக்கும் அட்சரேகையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர்கள் மிகச் சொற்பம். கறுத்த தோலுக்கு அதுவும் கிடைப்பது அரிது; தலைமுதல் கால்வரை மூடிய பிள்ளைக்குச் சுத்தமாக இல்லை. ஆகவே பிரான்சில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிறந்ததிலிருந்து துளி மருந்தாக அதைக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆறு வயதுவரை பிள்ளைகளைக் காசில்லாமல் பார்க்கிற பே.எம்.இ. நிலையங்கள் 1945லிருந்து இயங்குகின்றன. கார்னே து சாந்தே கையேட்டோடு போய், எத்தனை துளி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் பார்த்து வாங்கிய சத்துக் குப்பிகளால் கைக்குழந்தைகளுக்கு அளவு மீறிப் போனதாக 2021 ஜனவரியில் பிரெஞ்சு மருந்துக் கண்காணிப்பு நிறுவனம் எச்சரித்தது. மருந்துக்கடையில், மருத்துவர் எழுதிய பெயரில் உள்ளதையே வாங்குங்கள்.